ஊராட்சிச் சாலைக்கு எவ்வளவு செலவானது? எம்-புக்கைக் கேளுங்கள்

"போட்ட சாலை ஆறே மாதத்தில் ஏன் பெயர்ந்தது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால், "கோரியது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். சட்டப்படி அதில் தவறு சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அலுவலகத்தில் ஏதோ ஒரு வடிவில் இருப்பதைத்தான் தகவல் என்கிறது. கோப்பில் இல்லாத காரணத்தை உட்கார்ந்து எழுதித் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரு சிமென்ட் சாலைக்கு மன்றத் தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை, பணம் கொடுத்த பட்டியல் (பில்) என்று பல காகிதங்கள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது எம்-புக், அதாவது அளவைப் புத்தகம். நீளம், அகலம், கனம் மூன்றும் அதில்தான் பதிவாகும். அந்த அளவுக்குத்தான் பட்டியல் பாஸாகும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. சாலை ஓரத்தில் டேப் வைத்துப் பாருங்கள். நெடுகிலும் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், போட்டது 30 கன மீட்டர். மீதி 15 எங்கே என்ற கேள்விக்கு அப்போது கையில் ஆதாரம் இருக்கும்.

எம்-புக்கை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு, "இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் அதிகம். அளவெடுத்து எழுதுவது ஒன்றியப் பொறியாளர் தரப்பு. மனுவை ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பதவிப் பெயரிலேயே அனுப்புங்கள். ஆள் மாறினாலும் மனு நிற்கும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவின் வாசகம் இப்படி இருக்கலாம்: "இன்ன ஊராட்சி, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் போட்ட சிமென்ட் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவைப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை." எதற்கு என்று எழுத வேண்டாம், கேட்கவும் கூடாது என்கிறது 6(2). 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்திட்டு, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

"பத்து வருடக் கணக்கு முழுவதும்" என்று கேட்காதீர்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரிய தொகை கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை அவர்கள் அனுப்பியதிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரை, பதில் தருவதற்கான 30 நாள் கணக்கு ஓடாது. நிறைய ஆவணம் தேவையென்றால் முதலில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, தேவையானதற்கு மட்டும் நகல் கேட்கலாம். கட்டுமானப் பொருளின் மாதிரி எடுக்கவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. தரத்தில் சந்தேகம் என்றால் இதைவிட வலுவான வழி இல்லை.

30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான் பல நல்ல மனுக்கள் வீணாகின்றன, மனு போட்ட அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கெடு தாண்டித் தரும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. முதல் மேல்முறையீட்டிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

மனுவே இல்லாமல் வரவு செலவைப் பார்க்க கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அதுவும் ஓர் ஆவணம். அதற்கும் நகல் கேட்கலாம்.