களரிக் குரலும் கமராவும்

என் தொலைக்காட்சி வாழ்க்கையைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று எமது பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். நடித்த நாடகங்களின் பட்டியல் யாருக்கும் பயன்படாது. அந்த நடிப்பு மட்டக்களப்பில் எமது பாடசாலையில் எப்படி வேர்விட்டது, ஊரார் புகழ் என்று சொன்னது அதை அனுபவித்தவளுக்கு எப்படி இருந்தது என்பவற்றையே எழுத விரும்புகிறேன்.

1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளி எமது மண்டபத்தின் கூரையையும் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் பகுதிக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தொன்றை ஆடுவதென்று தமிழாசிரியை தீர்மானித்தபோது, ஒத்திகைக்கு வானம் தெரியும் அந்த மண்டபமே எங்களுக்குக் கிடைத்தது. ஊரில் கூத்தாடும் வட்டமான அரங்காகிய களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்ததும், எங்கள் மண்ணின் சி. மௌனகுரு அந்த முயற்சியில் ஆடியும் எழுதியும் முன்னின்றதும் நடந்திராவிட்டால், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் சதங்கை கட்ட எங்கள் பெற்றோர் ஒருபோதும் இணங்கியிருக்க மாட்டார்கள். ஆசிரியை வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் பேசினார். என் அம்மாவிடம் பேச மட்டும் மூன்று முறை வந்தார்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களை வட்டமாக நிறுத்தினார். "களரியில நாலு பக்கமும் சனம் இருக்கும் புள்ளையள். ஒரு பக்கத்துக்கு முகத்தையும் மற்றப் பக்கத்துக்கு முதுகையும் காட்டி ஆட ஏலா" என்றார். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கடைசிப் பாயில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேரும்படி பாட வேண்டும், அதேவேளை தாளக்கட்டு ஒரு மாத்திரையும் தவறக் கூடாது. தொண்டை கட்டிப்போகும் நாட்களில் ஆசிரியை வீட்டிலிருந்து கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அந்தக் குரலின் பலத்தில்தான் பாடசாலையை விட்டபின் கொழும்பில் வானொலி நாடகக் குரற்தேர்வில் தேறினேன்.

1982 பெப்ரவரி 15 அன்று இலங்கையின் தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே சுயாதீனத் தொலைக்காட்சி வந்திருந்தாலும், நாட்டின் பெரும்பகுதிக்குத் தொலைக்காட்சி எட்டியது பீதுருதாலகால உச்சியில் நின்ற ரூபவாஹினியின் அலைபரப்பியால்தான். தமிழுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அதனாலேயே எப்போதாவது வரும் ஓர் அரைமணிநேரத் தமிழ் நாடகத்தைப் பெட்டி வைத்திருந்த வீட்டாரோடு அந்தத் தெருவே கூடியிருந்து பார்த்தது. என் திறமையைவிட அந்தப் பஞ்சந்தான் எனக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

கலையகம் எனக்கு முற்றிலும் புதிய உலகம். மூன்று கமராக்கள் ஒரே நேரத்தில் நோக்கிக்கொண்டிருக்க, தயாரிப்பாளர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எந்தக் கமராவின் படம் வேண்டுமென்று சொல்ல, தளமுகாமையாளர் கைச்சாடையால் எங்களை நகர்த்துவார். வெள்ளைச் சேலை வெளிச்சத்தில் பொங்கிவிடும் என்றும், நெருக்கமான கோடு போட்ட சேலை திரையில் நெளியும் என்றும் இரண்டையும் விலக்கிவைத்தார்கள். கண்ணாடி வளையலின் சிறு சத்தமும் ஒலிவாங்கியில் ஏறிவிடுமென்பதால், மணப்பெண்ணாக நடித்த காட்சியிலும் ஒவ்வொரு வளையலுக்கும் இடையில் நூல் சுற்றி என் கையில் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது குரலை அடக்குவதுதான். களரியின் நாலு பக்கத்துக்கும் பழகிய தொண்டை, இரண்டு முழத் தூரத்தில் தொங்கும் ஒலிவாங்கிக்கு ஏற்பச் சுருங்க மறுத்தது. ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்த ஒலிகேட்கும் கருவியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, பக்கத்தில இருக்கிற ஆளோடதான் கதைக்கிறீங்க" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் அண்ணாவியார் கற்றுத்தந்த மூச்சு அங்கேயும் கைவிடவில்லை. மெல்லப் பேசும் ஒரு வசனத்தை இறுதிச் சொல்வரை தளராமல் கொண்டுசெல்ல, உரத்துப் பாடுவதற்கு வேண்டிய அதே மூச்சு வேண்டும்.

புகழின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாமாங்கக் கோவில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால், முன்பின் அறியாத தாய்மார் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீவியில மெலிஞ்சு தெரியிறா, ஒண்டும் தின்னுறல்லையா புள்ள?" என்று கேட்பார்கள். அந்த அன்புக்கு ஈடாக எந்த விருதையும் நான் நினைத்ததில்லை. அதே ஊரில், பேசி முற்றாகிவிட்ட ஒரு சம்பந்தம், நான் பிற ஆடவரின் கையைப் பிடித்து நடித்தவள் என்ற காரணத்தால் முறிந்தது. அதைச் சொல்ல வந்தவர்கள் அம்மா கொடுத்த தேநீரைத் தொடாமலே எழுந்துபோனார்கள். அம்மா அன்று என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. எனக்கு ஏதும் வீரம் இருந்ததென்றால் அது அவருடையது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் ஊருக்கு வருவதே அரிதாயிற்று. ஒருமுறை பொலனறுவைக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரும் பொதிகளோடு வெயிலில் வரிசையாக நின்றபோது, சிங்களத் தொலைநாடகமொன்றில் சிறு வேடத்தில் என்னைப் பார்த்திருந்த ஓர் இளைஞன் அடையாளங்கண்டு, பையைத் திறக்காமலே போகச் சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற முதிய பெண்மணி, தன் மகளுக்கென்று கொண்டுபோன அரிசி மாவைச் சாக்கில் கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என் முகத்துக்குக் கிடைத்த சலுகை அவருடைய வயதுக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் மா பூசிய கைகளை நான் மறக்கவில்லை.

எங்கள் பேச்சைப் பற்றியும் ஒரு மனக்குறை உண்டு. நான் நடித்த காலத்தில் மட்டக்களப்புப் பேச்சு திரையில் வந்ததென்றால் பெரும்பாலும் சிரிப்பூட்டும் வேலைக்காரப் பாத்திரத்தின் வாயில்தான் வந்தது. கண்ணீரும் காதலும் மேடைத்தமிழிலோ யாழ்ப்பாணப் பேச்சிலோதான் நிகழ வேண்டுமென்று எழுதாத விதி ஒன்று இருந்தது. ஒரேயொரு நாடகத்தில், காணாமற்போன மகனைத் தேடும் தாயாக நடித்தபோது, "மறுகா வாறன் எண்டுதானே போனான்" (மறுகா என்றால் பிறகு) என்ற வரியை எங்கள் வழக்கிலேயே சொல்ல இயக்குநர் இடம் கொடுத்தார். ஒளிபரப்பான இரவு அயல்வீட்டார் அழுததாகவும், கார் பற்றரியில் ஓடிய பெட்டி பாதியில் மங்கிவிட மீதிக் கதையைத் தாங்களே பேசி முடித்ததாகவும் அம்மா கடிதம் எழுதினார். என் நடிப்பில் எனக்கு முழுநிறைவு தந்தது அந்த ஒரு வரிதான்.

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, நூற்றுக்கணக்கான அங்கங்கள் ஓடும் தமிழகத் தொடர்கள் செய்மதி வழியாக எங்கள் வீடுகளுக்கும் வந்தபின், இலங்கைத் தமிழ் நாடகத்துக்கு இருந்த சிறு வாசலும் குறுகியது. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தபோது தமிழுக்கென்றே ஓர் அலைவரிசை கிடைத்த மகிழ்ச்சி பெரிது. எனினும் உள்ளூரில் நாடகம் தயாரிப்பதைவிட வெளியூர்த் தொடரை வாங்கிப் போடுவது எந்த நிறுவனத்துக்கும் மலிவு. இந்த நிலையிலும் எனக்குப் பெருமை தந்தவர் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்து புனித மிக்கேல் கல்லூரியில் படித்த திரைப்பட இயக்குநர் பாலுமகேந்திரா. அவர் சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை வாரமொன்றாகப் படமாக்கியபோது, நடிகர்கள் முகத்தை இறுக்காமலும் குரலை உயர்த்தாமலும் நடித்ததைப் பார்த்து, ஒலிப்பதிவாளர் எனக்கு அன்று சொன்னது முழுமையாக விளங்கியது.

கடைசியாக உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்நாளில் காணொளி நாடாவின் விலை அதிகம். ஒளிபரப்பான நிகழ்ச்சியின் மேலேயே வேறொன்றைப் பதிவது பல நாடுகளிலும் நடந்த வழக்கம். என் நாடகங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. ஆனால் வீட்டில் விஎச்எஸ் நாடாவில் பதிந்து, புலம்பெயர்ந்தபோது கையோடு கொண்டுவந்தவர்கள் உங்களிடையே நிச்சயம் இருப்பீர்கள். நிலவறைப் பெட்டிகளில் கிடக்கும் அந்த நாடாக்களில் பூஞ்சணம் பிடித்திருந்தால் இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடாவும் இயந்திரமும் இரண்டும் கெடும். துடைத்துப் பிரதியெடுக்கத் தெரிந்த கடையில் கொடுத்து எண்மப் பிரதியாக்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நான் இருக்கும் நாடகந்தான் வேண்டுமென்பதில்லை. எமது பாடசாலைப் பரிசளிப்பு விழா, ஊர்க்கூத்து, தமிழ்த் தின மேடை எதுவானாலும் அனுப்புங்கள். அவற்றில் தோன்றுபவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.