பீரோ சாவியும் ஒரு நாரையும்

எங்கள் பள்ளியின் நூலகப் பொறுப்பை ஏற்ற அன்று என் கைக்கு வந்தவை நான்கு இரும்பு பீரோக்களின் சாவிக்கொத்தும், முதுகு பிரிந்து நூல் தொங்கிய ஓர் இருப்புப் பதிவேடும்தான். திருநெல்வேலி மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி இது. இத்தகைய பள்ளிகளில் பெரும்பாலும் தனி நூலகர் கிடையாது என்பதால், பாட ஆசிரியர் ஒருவர் தலையில், அதிலும் அநேகமாகத் தமிழாசிரியர் தலையில், அந்தப் பொறுப்பு வந்து விழும். மாறுதலாகிச் சென்ற முன்னவர் 1,800 சொச்சம் நூல்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "புத்தகத்த வெளிய விட்ராதீங்க சார், தணிக்கையில ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம தலையிலதான் விடியும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், விலை, வாங்கிய நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டிருந்த அந்தப் பதிவேட்டில், அதை யார் எடுத்துப் படித்தார் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பூட்டியது அந்தப் பதிவேடுதான். அவர் சாவியைத் திருப்பினார், அவ்வளவே.

வேண்டாவெறுப்பாகத்தான் ஏற்றேன். பின்னர், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிப் படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கொஞ்ச நாளிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவராம். இலண்டன் சென்று அங்குள்ள நூலகங்களைப் பார்த்த பிறகே மனம் மாறினார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கதையைச் சொல்கிறார். எங்களிடம் சங்கிலி இல்லை, பீரோ இருந்தது.

பள்ளிக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்த பிறகு, மதிய இடைவேளைகளில் அங்கே அமர்ந்து பதிவேட்டைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது ஏறத்தாழ ஒரு கல்வியாண்டை விழுங்கியது. முன்பு யாரோ பாதி நூல்களுக்கு வானவில் எழுத்துருவில் பட்டியல் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால், திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பை. எந்தக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் ஒருங்குறியே (யூனிகோட்) இனி அரசின் தரம் என்று 2010லேயே அறிவித்தாகிவிட்டது என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்தவை எத்தனையோ அலுவலகங்களில் இப்படித்தான் வாய்மூடிக் கிடக்கின்றன.

அடுத்தது ஆசிரியர் பெயர்கள். மு.வ. என்று ஓரிடத்தில், மு. வரதராசன் என்று இன்னோரிடத்தில், டாக்டர் மு. வரதராசனார் என்று வேறோரிடத்தில் இருந்தால் நமக்கு ஒருவர், கணினிக்கு மூவர். புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் நால்வர். இணையத்தில் இருந்து விவரம் தானாக வந்து நிரம்பும் என்று சொல்லிப் பட்டைக்குறியைப் படிக்கும் செயலி ஒன்றை நண்பர் பரிந்துரைத்தார். எங்கள் பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னட்டையில் பட்டையே இல்லை, இருந்தவற்றுக்கும் தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக வந்து நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் கையால்தான் தட்டினேன்.

வகைப்படுத்துவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் 1876இல் வெளிவந்து இன்றும் உலகெங்கும் வழங்கும் தூயி தசமப் பகுப்பு என்ற நூல் எண் முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று தாராளமாக ஒரு வரிசையே உண்டு. தமிழ் இலக்கியமோ 894.811இல் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்தால் எங்கள் பீரோக்களில் பாதி நூல்களின் முதுகில் அந்த ஆறு இலக்கமே இருக்கும். பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே கதை, அறிவியல், வரலாறு, பாட்டு என்று வண்ணத் தாள் ஒட்டினோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளோடே வருவதால் அவற்றைத் தொடவில்லை. கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளை நிறுவலாமே என்று கேட்டவர்களும் உண்டு. நல்ல மென்பொருள்தான், ஆனால் நான் மாறுதலில் போன மறுநாள் அதை யார் பராமரிப்பார்? சாதாரண விரிதாள் போதும் என்பது என் முடிவு.

அந்த விரிதாளில் முதல் வேலையாக, எடுத்தவர் பெயருக்கும் எடுத்த நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் கட்டங்கள் போட்டேன். அதன் பலன் மூன்றாம் மாதம் தெரிந்தது. எந்த நூல் ஒரு முறைகூட வெளியே போகவில்லை என்று பார்க்கத்தான் வரிசைப்படுத்தினேன். அப்படியே எந்தப் பிள்ளை ஒரு நூல்கூட எடுக்கவில்லை என்றும் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். படிப்பில் நாட்டமில்லாதவர்களாக இருப்பார்கள் என்ற நினைப்போடு பார்த்தால், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணின் பெயரும் இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: ஏறத்தாழ எல்லாரும் இரண்டே ஊர்க்காரர்கள். அந்த ஊர்களுக்குப் போகும் பேருந்து கடைசி மணி அடித்த பத்தாவது நிமிடம் புறப்பட்டுவிடும். நான் நூலகத்தைத் திறந்ததோ கடைசி மணிக்குப் பிறகு. மறுவாரமே நேரத்தை மதிய உணவு வேளைக்கு மாற்றினேன். என் சாப்பாடு ஆறிப்போகும் என்பதைத் தவிர வேறு செலவில்லை.

இணையம் வந்த பிறகு நூலகம் எதற்கு என்று ஆசிரியர் அறையிலேயே கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் வாதிடுவதில்லை, நாரைக் கதையைச் சொல்வேன். "பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்" என்ற சத்திமுத்தப் புலவரின் பாட்டை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "ஐயா, செங்கால் நாரைன்னு வீட்ல அப்பா போன்ல தேடுனேன், நம்ம கூந்தன்குளத்து நாரைதான் நிறைய வருது. அதுக்கு மூக்கு மஞ்சளால்ல இருக்கு? பாட்டுல பவளம்னு வருதே?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. தமிழில் வந்த பறவைக் கையேடு ஒன்று மூன்றாவது பீரோவில் இருந்தது. வாங்கிய நாள் முதல் ஒருவரும் தொடாதது. இருவரும் நாரைகளின் பக்கங்களைப் புரட்டினோம். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை நம் நாட்டிலேயே தங்குவது. மற்றொரு நாரைக்கு உடல் வெள்ளை, சிறகோரம் கறுப்பு, அலகும் காலும் சிவப்பு. குளிர்காலத்தில் வந்து, கோடை தொடங்கும்போது வடக்கே திரும்பிவிடும். அவள் பாட்டை மறுபடி முணுமுணுத்துவிட்டு, "தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு ஏகுவீராயின்னு அடுத்து வருது ஐயா, அப்ப இதுதான்" என்றாள். கேள்வியைக் கொடுத்தது கைபேசி என்பதை மறுப்பதற்கில்லை. அது காட்டிய படங்களைச் சந்தேகிக்க அவளுக்குப் பாட்டு தெரிந்திருந்தது, சந்தேகத்தோடு வந்த நேரத்தில் பீரோ திறந்திருந்தது.

மின்னூல்களை நான் ஒதுக்கவில்லை. தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பனுவல்களும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் உள்ள நாட்டுடைமை நூல்களும் இல்லாவிட்டால் எங்கள் பள்ளி விலை கொடுத்து வாங்கவே முடியாத பலவற்றைப் பிள்ளைகள் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும், பிறகு அண்ணன் கைக்குப் போகும். அதில், படமாக வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிய பக்கத்தை விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் படிப்பது எனக்கே இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடுவதில்லை. எழுத்தாகவே தட்டச்சு செய்த மதுரைத் திட்டப் பனுவல்கள் திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்வதால் அவை தேவலை. புதிதாக வந்த நாவல்களின் திருட்டுக் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. பிள்ளைகள் கேட்டாலும் அனுப்புவதில்லை; எழுதியவர் வயிற்றிலும் அடித்துவிட்டு, அவரைப் பற்றி வகுப்பில் எந்த முகத்தோடு பாடம் நடத்துவது?

நூல்கள் தொலையத்தான் செய்கின்றன. சென்ற ஆண்டு பதினொன்று. எவை, யாரிடம், எப்போது என்று விரிதாளில் இருப்பதால் அதை அச்செடுத்துத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன், "பதினொண்ணுதானா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். என் முன்னவர் இத்தனை ஆண்டுகள் பயந்தது இந்த அரைப் பக்கக் காகிதத்துக்கு.

பறவைக் கையேட்டின் வரிசையில் மட்டும், திரும்பிய நாள் என்ற கட்டம் கோடை விடுமுறை முதல் காலியாக இருக்கிறது. அதை எடுத்துப் போயிருந்த அந்த நாரை மாணவியிடம் கேட்டேன். "தாத்தா தெனமும் குளத்தாங்கரைக்கு எடுத்துட்டுப் போயிருதாரு ஐயா, இன்னும் முடிக்கல" என்றாள். எடுத்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தாத்தா என்று சேர்த்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன்.