ஃபமகுஸ்தாவும் ஆவடிப் பையன்களும்

ஆவடியில் நம்மோடு படித்தவர்களுக்கு டாங்கிச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் கணக்கு வகுப்பில் பெஞ்சு லேசாக அதிரும். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்களுக்கு அங்கேதான் வேலை. என் அப்பா வெல்டர்.

1972 குடியரசு தினம் முடிந்த வாரம். என்.சி.சி. சார் ஒரு செய்தித்தாளோடு வந்தார். பாகிஸ்தானோடு நடந்த 1971 போரில் டாங்கியில் நின்று போரிட்டு இறந்து, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற செகண்ட் லெப்டினன்ட் அருண் கெதர்பாலைப் பற்றி வாசித்தார். வயது 21. அதிகாரியாகி ஆறே மாதம். நான் கையைத் தூக்கி, "சார், அது எங்கப்பா செஞ்ச டாங்கியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லப்பா, அது செஞ்சூரியன். இங்கிலாந்து டாங்கி" என்றார். அன்று முழுவதும் எனக்கு முகமே இல்லை. இன்றைக்கும் பழைய நண்பர்கள் போனில் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

அந்தக் கோபத்தில்தான் அவரைப் பற்றி அகப்பட்டதை எல்லாம் படிக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். புனேயில் பிறந்தவர், ராணுவக் குடும்பம். 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் சேர்ந்தார். போர் மூண்டபோது அகமதுநகரில் பயிற்சியில் இருந்தார். களத்துக்குக் கிளம்பும்போது கோல்ஃப் மட்டைகளையும் விருந்து உடுப்பையும் எடுத்துக்கொண்டாராம். லாகூரில் ஆட வேண்டுமே! 21 வயதுக்கே உரிய தெனாவட்டு அது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

டிசம்பர் 16, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு. ஆற்றைத் தாண்டி நம் காலாட்படை பிடித்து வைத்திருந்த இடத்துக்கு டாங்கிகள் போயாக வேண்டும். கண்ணிவெடிகளை முழுவதும் அகற்றி முடிப்பதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கிக் கடந்தது. ஜர்பால் பக்கம் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் படைப்பிரிவு பாட்டன் டாங்கிகளோடு எதிர்த்து வந்தது. அதைத் தடுக்க நின்ற நம் டாங்கிகளில் ஒன்று அடிபட்டது, இன்னொன்று சுட முடியாமல் போனது. அருணின் டாங்கியும் தீப்பிடித்தது; அதன் பெயர் 'ஃபமகுஸ்தா'. டாங்கியை விட்டு இறங்கச் சொல்லி ரேடியோவில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, விட்டுவர மாட்டேன் என்று பதில் போனது. எதிரியின் நான்கு டாங்கிகள் அவர் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. கடைசியாக விழுந்த குண்டு அவரைக் கொன்றது.

மறுநாள் போர் நின்றது. பையன் திரும்பிவிடுவான் என்று டெல்லியில் வீட்டார் நம்பியிருந்தார்கள். தந்தி வந்தது டிசம்பர் 26-இல்.

வயது ஏற ஏற என் மனம் அந்த டாங்கியை விட்டு அவருடைய தந்தை பக்கம் போய்விட்டது. பிரிகேடியர் எம்.எல். கெதர்பால் 2001-இல், தம் 81-ஆம் வயதில், பிறந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வீட்டில் வைத்து உபசரித்தவர் பிரிகேடியர் நாசர், பசந்தரில் 13 லான்சர்ஸில் இருந்தவர். கிளம்புவதற்கு முந்தைய இரவு, உங்கள் மகன் இறந்தது என் கையால் என்று அவரே சொல்லிவிட்டார். அத்தனை நாள் சோறு போட்ட கை. அந்த இரவு அந்தப் பெரியவருக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும் என்று யோசிப்பேன். எனக்கு வந்திருக்காது.

இதை மஸ்கட்டிலிருந்து போனில் அப்பாவிடம் சொன்னேன். ஓய்வு பெற்று ஆவடியிலேயே இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "செஞ்சூரியன்ல நாலு பேர் உட்காரணுமேடா. மத்த மூணு பேர் என்ன ஆனாங்க?" என்றார்.

ஒருவர் அவரோடு இறந்தார், இரண்டு பேர் பிழைத்தார்கள் என்றேன்.

"டிரைவர்?"

"பிழைச்சுட்டாருப்பா."

"சரி" என்றார்.