குக்கர், கம்ப்ரஸர் தொட்டி, ஒரு வால்வு: வீட்டில் செய்த வெற்றிட வார்ப்பு

மூன்றாவது வார்ப்பில்தான் இலை முழுதாக வந்தது. முதல் இரண்டும் பாதி இலைகள். ஒன்றில் காம்பும் நடு நரம்பும் மட்டும், இன்னொன்றில் பூச்சி அரித்த மாதிரி ஓரம். இரண்டையும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எங்கே தப்பு செய்தேன் என்று ஞாபகம் வரும்.

நான் செய்ய நினைத்தது ஒரு சின்ன வெள்ளிப் பதக்கம். மெழுகில் செதுக்கிய இலை, ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கனம்தான். மெழுகைச் சுற்றி அச்சுப் பொடிக் குழையை ஊற்றி இறுகவிட்டு, சூளையில் மெழுகை வடியவைத்து, அது இருந்த குழிவில் வெள்ளியை ஊற்றுவதுதான் முறை. உருகிய வெள்ளியைச் சும்மா மேலிருந்து ஊற்றினால் அந்த ஓரம் வரை போகாது, போவதற்குள் உறைந்துவிடும். சுழற்றி அடிக்கும் இயந்திரம் ஒரு வழி, ஆனால் உருகிய உலோகம் ஒரு கையின் நுனியில் சுற்றுவதை என் சின்ன அறையில் கற்பனை செய்யவே எனக்குத் தைரியம் இல்லை. ஆக வெற்றிடம். அதையும் கடையில் விற்கும் இயந்திரமாக இல்லாமல், கையில் கிடைக்கிற பொருளை வைத்து.

இதில் வெற்றிடத்துக்கு இரண்டு தனித்தனி வேலை இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒன்று, அச்சுப் பொடியைக் குழைத்ததும் அதில் உள்ள காற்றுக் குமிழியை எடுப்பது. இன்னொன்று, ஊற்றும் நேரத்தில் அச்சின் அடியிலிருந்து காற்றை இழுத்து உலோகத்தை உள்ளே போகவைப்பது. பம்ப் ஒன்றுதான், ஆனால் இரண்டு வேலையும் அதனிடம் கேட்பது வேறு வேறு.

குமிழி எடுக்கும் அறைக்கு முதலில் ஒரு மெல்லிய எவர்சில்வர் டப்பாவை வைத்தேன். பம்ப் ஓட ஆரம்பித்து அரை நிமிடம் ஆகியிருக்காது, டமார் என்று ஒரு சத்தம், டப்பா உள்பக்கமாகச் சப்பிக் கிடந்தது. அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டேன். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடி மேல், உள்ளே காற்று இல்லாவிட்டால், வெளிக்காற்று அழுத்தும் எடை கிட்டத்தட்ட 390 கிலோ. நான்கைந்து பெரிய ஆட்கள் ஏறி நிற்பது போல. சரி என்று கனமான பழைய பிரஷர் குக்கரின் பாத்திரத்துக்கு மாறினேன். மூடிக்கு 12 மில்லிமீட்டர் அக்ரிலிக் போட்டால் நடுவில் குழிவது கண்ணுக்கே தெரிந்தது, 25 மில்லிமீட்டர் போட்ட பிறகு அசையவில்லை. கண்ணாடி வேண்டவே வேண்டாம், உடைந்தால் உள்ளே போய் மோதித் திரும்பி முகத்துக்குத்தான் வரும். அக்ரிலிக்கையும் ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, மயிரிழை போல விரிசல் விடும். மூடிக்கும் பாத்திர விளிம்புக்கும் நடுவே சிலிகான் வளையம்.

பம்புக்குப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர். எல்லாரும் ஆரம்பிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வெற்றிடம் நன்றாகவே போகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. பொடியில் தண்ணீர் பட்டதிலிருந்து இறுக ஆரம்பிக்கும் வரை கையில் இருப்பது ஒன்பது, பத்து நிமிடம். கலக்க மூன்று நிமிடம் போய்விடும். கம்ப்ரஸர் அறையைக் காலி செய்ய ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. குழை பொங்கி அடங்குவதற்குள் கெட்டியானது, பலன் முதல் இலை முழுக்கக் கடுகு கடுகாக வெள்ளி மணிகள். அச்சில் குமிழி இருந்த இடமெல்லாம் உலோகம் போய் நிரம்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அது போதாதென்று குழையிலிருந்து வந்த நீராவி கம்ப்ரஸர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் மாதிரி வெளுத்துப்போனது.

பிறகு ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரண்டு நிலை ரோட்டரி பம்ப் ஒன்று பழசாகக் கிடைத்தது. இதன் எண்ணெயை மாற்றுவது சுலபம். ஒன்று சொல்ல வேண்டும், பம்பின் கடைசி எல்லை எவ்வளவு ஆழம் என்று கவலைப்பட்டு நான் நேரத்தை வீணடித்தேன். குழையில் தண்ணீர் இருக்கிறது. 25 டிகிரியில் தண்ணீர் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குக் கீழே போகும் பம்ப் இந்த வேலைக்கு எதையும் கூடுதலாகத் தரப்போவதில்லை. வேண்டியது வேகம், அப்புறம் கசிவில்லாத இணைப்புகள். வெற்றிடம் எவ்வளவு என்று காட்டும் என் கேஜ் ஒரு வாரம் பாதியிலேயே நின்றதற்குக் காரணம் பம்ப் இல்லை, ஒரு குழாய் மூட்டில் சுற்றிய டெஃப்லான் டேப் போதவில்லை, அவ்வளவுதான்.

பொடி விஷயத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நகை வார்ப்புக்கான இன்வெஸ்ட்மென்ட் பொடி என்பது ஜிப்சமும் சிலிக்காவும். வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வைத்து முயன்றதில் சூளையிலேயே விரிசல் விட்டது. சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது, ஒருமுறை கெட்டால் திரும்பாது, அதனால் மூட்டையைத் திறக்கும்போதும் சரி, வார்ப்புக்கப்புறம் உடைக்கும்போதும் சரி, துணி முகமூடி இல்லை, நல்ல தூசி முகமூடியேதான். மெழுகை நிறுத்திக் குழையை ஊற்றும் என் ஃபிளாஸ்க் 75 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள எஃகுக் குழாய்த் துண்டு. அதற்கு 600 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர். தண்ணீரில் பொடியைப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை அல்ல. குழை அறைக்குள் பால் பொங்குவது போல எழும்பும், அதனால் கிண்ணம் மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். அடங்கியபின் ஃபிளாஸ்க்கில் ஊற்றி இன்னொரு தடவை ஒன்றரை நிமிடம் அறைக்குள் வைத்தேன்.

சூளை ஏற்கனவே இருந்தது, தீச்செங்கல்லும் காந்தல் (Kanthal) என்கிற சூடேற்றும் கம்பியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்து நானே கட்டியது. 150 டிகிரியில் மெழுகு வடிய இரண்டு மணி நேரம், 370-இல் இரண்டு, பிறகு 730-இல் மூன்று, கடைசியில் ஊற்றும் சூட்டுக்கு 500-க்கு இறக்கம். இரண்டாவது வார்ப்பில் கந்தக வாடை வந்தது, இலை மேற்பரப்பு கறுத்துச் சொரசொரப்பாக இருந்தது. ஜிப்சம் சிதைகிற அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது, கருவியோ 730 என்கிறது. யாரை நம்புவது? ஃபிளாஸ்க் வைக்கும் இடத்தில் ஒரு துண்டு அலுமினிய மின்கம்பியை வைத்துச் சூடேற்றினேன். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். கம்பி உருகிச் சரிந்தபோது கருவி காட்டியது 610. வெப்ப உணரியைக் கதவோரம், காற்று படும் இடத்தில் செருகியிருந்தேன். அதாவது என் 730 உண்மையில் 780-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. உணரியை நடுவுக்கு மாற்றினேன், வாடை போனது.

ஆனால் ஓரம் நிரம்பாததற்கு இதெல்லாம் காரணம் இல்லை. அதை யோசிக்கத்தான் அதிக நாள் ஆனது. இழுக்கும் மேடை ஒரு கனமான இரும்புத் தட்டு, நடுவில் துளை, மேலே சிலிகான் பாய். ஃபிளாஸ்க்கின் அடி விளிம்பிலிருந்து அச்சு அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும்படி விட்டிருந்தேன், இழுப்பு பரவலாகக் கிடைக்க. பம்பை நேராக மேடைக்கு இணைத்துப் பார்த்தால் கேஜ் பாதிக்கு மேல் ஏறவே இல்லை, இந்த முறை மூட்டு எதிலும் கசிவு இல்லாதபோதும். இறுகிய அச்சு நுண்துளைகள் நிறைந்தது, மேலே மெழுகு வடிந்த வாய் திறந்து கிடக்கிறது, அதன் வழியே காற்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. உலோகம் வாயை அடைத்த கணத்திலிருந்துதான் இழுப்பு கூடும். சின்ன பம்புக்கு அதற்குச் சில நொடிகள் வேண்டும். அரை மில்லிமீட்டர் வெள்ளி அவ்வளவு நேரம் காத்திருக்குமா?

பெரிய பம்ப் வாங்குவதற்குப் பதில் 20 லிட்டர் காற்றுக் கம்ப்ரஸர் தொட்டி ஒன்றை நடுவில் இணைத்தேன், தொட்டிக்கும் மேடைக்கும் இடையே கால் சுற்று திருப்பினாலே முழுதாகத் திறக்கும் வால்வு. சமையல் எரிவாயு உருளையை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம், காலி என்று நினைத்தாலும் உள்ளே வாயு தங்கியிருக்கும், துளையிடப் போனால் ஆபத்து. தொட்டியை முன்னதாகவே வெளிக்காற்றின் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்துக்குக் காலி செய்து வைத்துவிட்டு, ஊற்றும்போது வால்வைத் திறந்தால், மேடையும் குழாயும் சேர்ந்து இரண்டு லிட்டர் காற்று அதில் கலந்தாலும் வெளிக்காற்றின் 0.18 பங்கு அளவில்தான் நிற்கும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்.

மூன்றாவது தடவை. மெழுகு மரம், அதாவது இலையும் வெள்ளி உள்ளே போக வழியாக அதில் ஒட்டிய மெழுகுக் காம்பும் சேர்ந்தது, 4 கிராம் இருந்தது, ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.4-ஆல் பெருக்கி, மேலே வாயில் தங்கி நிற்கும் வெள்ளிக் குமிழுக்கு 12 கிராம் சேர்த்து 54 கிராம். மூசையில் வெண்காரம் தூவி உருக்கினேன். மேலே கண்ணாடி போல மின்னி, அசைத்தால் பாதரசமாக உருண்டதும், இடுக்கியால் ஃபிளாஸ்க்கை மேடையில் வைத்து, இடது கையால் வால்வைத் திறந்தபடி ஊற்றினேன். குமிழ் நடுவில் குழிந்து கீழே இழுபட்டது, அதைப் பார்த்ததுமே கத்திவிட்டேன். சிலிகான் கருகும் வாடை வந்ததால் ஒரு நிமிடத்தில் ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டேன். பாயில் ஒரு வட்டத் தழும்பு, இன்னும் ஓரிரண்டு வார்ப்புக்குத் தாங்கும்.

குமிழின் சிவப்பு முழுக்கப் போன பிறகு, பதினைந்து நிமிடம் கழித்து, தண்ணீரில் முக்கியதும் அச்சு சீறிக்கொண்டு உதிர்ந்தது. தூரிகையால் தேய்த்தேன். ஓரம் முழுதாக இருந்தது, நரம்பெல்லாம் இருந்தது, சின்னதாக என் கத்தி வழுக்கிய கீறல்கூட அப்படியே இருந்தது. மெழுகுக் காம்பு இலையோடு சேரும் இடத்தில் மட்டும் ஊசி முனை அளவுக்கு மூன்று குழிகள். இது காற்று இல்லை, சுருக்கம். மெழுகுக் காம்பு 2 மில்லிமீட்டர், இலையின் தண்டு அதைவிடக் கனம், அதனால் காம்பு முதலில் உறைந்து தண்டுக்கு வெள்ளி தராமல் நிறுத்திவிட்டது. அடுத்த மரத்துக்கு 3 மில்லிமீட்டர் மெழுகுக் கம்பி உருட்டி வைத்திருக்கிறேன்.