ஐஸ் இல்லாமல் போன ரத்தம்

அக்காவுக்கு அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) கட்டியால் வந்த குஷிங், அதாவது கார்ட்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய், என்று உறுதியாக ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் சாம்பிளைக் கெடுத்ததிலேயே போனது.

முதல் டெஸ்ட்: ராத்திரி 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மாத்திரை), மறுநாள் காலை 8-லிருந்து 9-க்குள் ரத்தம். நல்ல உடம்பில் இந்த மாத்திரை கார்ட்டிசாலை அடக்கிவிடும். மெடிக்கலில் கொடுத்தது 0.5 மி.கி. மாத்திரை. ஒன்றைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டோம். அந்த ராத்திரி வீண். மறுமுறை இரண்டு போட்டும் கார்ட்டிசால் 14 வந்தது. 1.8-ஐத் தாண்டினாலே (மைக்ரோகிராம்/டெசிலிட்டர் கணக்கு) குஷிங்கா என்று மேலும் பார்க்காமல் விட மாட்டார்கள். கருத்தடை மாத்திரை, வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் இருந்தால் எண் பொய்யாக ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூட்டுக்குப் போட்ட ஊசி, முகம் வெளுக்கப் பூசிய க்ரீம், பேர் தெரியாத பொட்டலச் சூரணம் எதையும் மறைக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இத்தனை அலைச்சலும் தண்டம்.

24 மணி நேர யூரினில் கார்ட்டிசால் பார்க்கக் காலை முதல் யூரினைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் யூரின் வரை சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். ராத்திரி எச்சிலில் கார்ட்டிசால் பார்க்கும் டெஸ்ட் இருந்தால் அதிமதுரம் ஆகாது, எண்ணை ஏற்றிவிடும்.

வயிறெரிந்தது ஏசிடிஎச் டெஸ்டில்தான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது; அட்ரினல் கட்டி தானாகவே கார்ட்டிசாலைக் கொட்டினால் அது இறங்கிவிடும். ஊதா மூடி ட்யூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, குளிர்நிலையிலேயே சுழற்றிப் பிரிக்க வேண்டிய ரத்தம் இது. கலெக்‌ஷன் சென்டர் பையன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான். ரிசல்ட் 5-க்குக் கீழ் (பிகோகிராம்/மில்லிலிட்டர்). அட்ரினல் நோயில் வர வேண்டிய எண்தான். ஆனால் சூட்டில் ஏசிடிஎச் சிதைந்தாலும் அதே எண்தான் வரும். பிட்யூட்டரியில் கோளாறு இருப்பவருக்கு இப்படி வந்தால் தப்பான இடத்தில் கத்தி வைக்க நேரிடும். காசு போனால் போகிறது என்று மெயின் லேபுக்கே போய், ஐஸ் டப்பாவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அக்கா கையை நீட்டினாள். மறுபடியும் 5-க்குக் கீழ். இந்த முறை நம்பினோம்.

சிடியில் முதலில் மருந்து ஏற்றாமல் எடுக்கச் சொல்லுங்கள். கட்டியின் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள் (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) இருந்தால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத சாதுக் கட்டி. ஆபரேஷன் லேப்ராஸ்கோபியில் சுகமாக முடிந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் அடுத்த ஓட்டை. கட்டி இத்தனை நாள் கார்ட்டிசாலைக் கொட்டியதால் மறுபக்க அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். அது விழிக்கும்வரை ஹைட்ரோகார்ட்டிசோன்தான் (மாத்திரை வடிவக் கார்ட்டிசால்) உயிர். காலை 10, மதியம் 5, மாலை 5 மி.கி. என்று எழுதியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு, வாந்தி எடுத்தால் 100 மி.கி. ஊசி என்பதை நாங்கள் கேட்டுத்தான் எழுதி வாங்கினோம். கார்ட்டிசால் இறங்கினால் சுகரும் பிரஷரும் இறங்கும், ஆனால் பழைய சுகர் மாத்திரையை அதே அளவில் விட்டிருந்தார்கள். நான்காம் நாள் சுகர் 58. பிரஷர் மாத்திரையையும் குறைக்க வேண்டி வந்தது.

கார்ட்டிசால் திடீரென்று குறைந்ததால் மூட்டு வலி, தோல் உரிதல், எழவே முடியாத அசதி எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். பயந்து டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். மறுபக்க அட்ரினல் விழித்ததா என்று காலைக் கார்ட்டிசால் பார்க்கும்போது முந்தின நாள் மாலை டோஸையும் அன்று காலை டோஸையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தி வையுங்கள், மாத்திரையும் கார்ட்டிசாலாகவே எண்ணில் சேரும். ரத்தம் கொடுத்த கையோடு காலை மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். அக்கா அதைத் தண்ணீர் பாட்டிலோடு லேபுக்கே கொண்டுபோவாள். ஒன்பதாம் மாதம் கார்ட்டிசால் 4, பதினான்காம் மாதம் 12: தூங்கிய அட்ரினல் விழித்து வருகிறது.