பயோடெக் படிப்பும் பால் லேப் வேலையும்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் தமிழ், பேருந்து ஏறினால் பொள்ளாச்சி. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு வேலை தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் பெங்களூரும் ஹைதராபாத்தும்தான். அங்கேயும் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலை உறுதி என்று ஒரு கன்சல்டன்சி ஆசை காட்டியது. அப்பா பணம் புரட்டக் கிளம்பினார், நான் விடவில்லை. நம்மை வேலைக்கு வைப்பவர் நம்மிடமே ஏன் காசு கேட்க வேண்டும்?

கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஒரு அக்காதான் வழி சொன்னார். "பயோடெக்னு தேடாத கண்ணு. க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) மைக்ரோபயாலஜி, கிருமி வளர்க்கிற மீடியா பிரிபரேஷன், டிஷ்யூ கல்ச்சர்னு தேடு. லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு என்.ஏ.பி.எல். அதோட தளத்துல அங்கீகாரம் வாங்கின லேப் பட்டியல் இருக்கு, ஊர் வாரியாப் பாரு." அந்தப் பட்டியலும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அங்கீகரித்த லேப்களின் பட்டியலும் எனக்குப் பெரிய திறப்பு. உணவு, தண்ணீர், மருந்து, மசாலா என்று பாலக்காட்டிலிருந்து கொச்சி வரை, கோவை வரை லேப்கள் இருந்தன. விளம்பரத்துக்குக் காத்திராமல் நேரடியாக மெயில் அனுப்பினேன்.

பால் லேபைப் பற்றி மட்டும் முதலில் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் பால் சங்கங்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்க எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தில் கேரள பால்வளத் துறை ஆய்வகமே வைத்திருக்கிறது. கடைசியில் ஒரு தனியார் பால் நிறுவனம்தான் என்னை அழைத்தது.

நேர்காணலில், அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவியான ஆட்டோகிளேவ் பற்றிக் கேட்டார்கள். 121 டிகிரி, 15 பவுண்ட் அழுத்தம், 15 நிமிடம் என்றேன். "சரி, உள்ளே இருக்கும் காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும்?" காற்று தங்கினால் அழுத்தமானி சரியாகக் காட்டும், ஆனால் உள்ளே அந்தச் சூடு வந்திருக்காது என்றேன். அப்புறம் 9 மில்லி நீர்மம் இருந்த குழாய்களைக் கொடுத்து, 1 மில்லி பாலைப் படிப்படியாக நீர்க்கச் சொன்னார் மேலாளர். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டை (அளந்து உறிஞ்சும் குழாயை) மாற்றுகிறேனா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குழாயிலிருந்து 1 மில்லி எடுத்து ஊற்றிய, கிருமி வளர்க்கும் பிளேட்டில் 46 காலனி (கண்ணுக்குத் தெரியும் கிருமிக் கூட்டம்) வந்தால், ஒரு மில்லி பாலில் எத்தனை? ஒவ்வொரு படியிலும் பத்து மடங்கு நீர்ப்பதால் 46,000. படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. புராஜெக்டில் எதைக் கையால் செய்தேன், எதை நின்று பார்த்தேன் என்று துருவினார்கள். ஆகவே ரெஸ்யூமேயில் கருவிகளின் பெயரை அடுக்காமல், செய்த சோதனைகளை எழுதுங்கள்.

இப்போது தினமும் மெத்திலீன் புளூ சோதனை செய்கிறேன். 10 மில்லி பாலில் 1 மில்லி சாயம் விட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். கிருமிகள் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன நீலம் வெளுக்கும். ஐந்து மணி நேரம் தாங்கினால் அருமையான பால், அரை மணியில் வெளுத்தால் மோசம். டேங்கர் ஓட்டுநர்களோடு தமிழ், லேப் சேச்சிகளோடு மலையாளம், பதிவேட்டில் ஆங்கிலம். எல்லைக்காரர்களுக்கு இது நிஜமாகவே ஒரு பலம், நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.

சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். சேருவதற்கு முன் ஷிப்ட் நேரத்தையும் வண்டி வசதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் விடியும் முன்பே வந்துவிடும். எனக்குக் கம்பெனி வேன் வருகிறது. பக்கத்து ஊர்த் தோழிக்கு அந்த வசதி இல்லாததால் அவள் கோவையில் தண்ணீர் சோதிக்கும் லேப் ஒன்றில் சேர்ந்துவிட்டாள்.