கரண்டி

போன வாரம் அலுவலகத்தில் சாப்பிடும்போது பேச்சு எப்படியோ ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கம் போனது. "கைதிகள் அத்தனை ஆயிரம் பேர், காவலுக்குக் கொஞ்சம் பேர்தானே அண்ணா? ஏன் சொன்னபடியெல்லாம் கேட்டார்கள்?" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. பதில் சொல்ல வாயெடுத்தேன். கையில் இருந்த கரண்டி கண்ணில் பட்டது, பேச்சு வரவில்லை.

அந்த முகாமில் உயிரோடு விடப்பட்ட யூதர்களுக்கு முதல் நாளே உடை, செருப்பு, தலைமுடி, பெயர் எல்லாம் போய்விடும். இடது கையில் ஓர் எண்ணைப் பச்சை குத்துவார்கள். சூப்புக்குக் கிண்ணம் உண்டு, கரண்டி கிடையாது. நாய் மாதிரி நக்கிக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால், கிடைக்கிற துளி ரொட்டியை விற்று உள்ளுக்குள்ளேயே ஒரு கரண்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 1945 ஜனவரியில் முகாம் விடுவிக்கப்பட்டபோது கிடங்கில் புத்தம்புதுக் கரண்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்ததாம். அங்கே 174517 என்ற எண்ணாக இருந்த இத்தாலிய யூதர் பிரிமோ லெவி எழுதியிருக்கிறார். இருந்தும் கொடுக்கவில்லை, பாருங்கள்.

அப்புறம் தொப்பி. "மூட்ஸன் அப்!" என்று கத்தியதும் அத்தனை பேரும் ஒரே நொடியில் கழற்ற வேண்டும். பிந்தினால் அடி. ஜெர்மன் தெரியாதவனுக்கும் அடிதான். மவுட்ஹவுசன் என்ற இன்னொரு நாஜி முகாமில் ரப்பர் தடிக்கு 'மொழிபெயர்ப்பாளர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இதையும் மீறி எதிர்த்தவர்கள் உண்டு. 1944 அக்டோபர் 7 அன்று, ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில், பிணம் எரிக்க வைத்திருந்த யூதக் கைதிகளே கலகம் செய்து 4ஆம் எண் எரிகூடத்துக்குத் தீ வைத்தார்கள். அதில் தொடர்புடையவர் என்று ஒருவரை, ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான, லெவி இருந்த மோனோவிட்ஸ் முகாமில் எல்லோர் முன்னாலும் தூக்கில் போட்டார்கள். "தோழர்களே, நான்தான் கடைசி ஆள்!" என்று அவர் கத்தினார். கூட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, துடிக்கும் உடலுக்கு முன்னால் வரிசையாக நடந்து போனார்கள்.

லெவியும் நண்பர் ஆல்பெர்ட்டோவும் கொட்டடிக்குத் திரும்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அன்றைக்குச் சேர்த்து வைத்திருந்த சூப்பைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். வயிறு அடங்கிய பிறகு வெட்கம் வந்து அழுத்தியது என்கிறார் லெவி.

தம்பி அதற்குள் தட்டைக் கழுவப் போய்விட்டான்.